விக்கா வழியில் நடக்கும் தமிழ் நண்பர்களுக்கு, குரங்கணியிலிருந்து ஒரு திறந்த மடல்



வட்டம் போடவும், நான்கு திசைகளை அழைக்கவும், பௌர்ணமியன்று நிலவை வழிபடவும், ஆண்டின் எட்டுத் திருநாள்களைக் கொண்டாடவும் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். அடுத்து என்ன என்ற கேள்வி உங்களில் பலருக்கு வந்திருக்கும். அந்தக் கேள்விக்குச் சந்தையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னும் ஒரு கத்தி, இன்னும் சில கற்கள், இன்னொரு சீட்டுக்கட்டு, அடுத்த படிக்கான தீட்சை. அதில் சலித்தவர்களுக்குக் காட்டுக்குப் போக வேண்டும், மலையுச்சியில் ஒரு பௌர்ணமி இரவைக் கழிக்க வேண்டும் என்ற ஆசை வரும். அப்போது குரங்கணி, கொழுக்குமலை என்ற பெயர்கள் எளிதில் நினைவுக்கு வரும். போடிநாயக்கனூருக்கு மேற்கே, கோட்டகுடி ஆற்றோரம் இருக்கும் அந்தக் குரங்கணியை முன்வைத்தே இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் தேடும் ஆழம் நீங்கள் நிற்கிற நிலத்தையும் அந்த நிலத்தின் பொழுதையும் கற்பதில் இருக்கிறது. மற்றவை அதற்குப் பிறகு வரட்டும். இதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சான்று விக்கா என்ற இந்த இயற்கை வழிபாட்டுச் சமயத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. அச்சமயத்தை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் 1900-ல், பதினாறு வயதில், இலங்கைக்கு வந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பழகியவர். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். இங்கே, ஏறத்தாழ அதே காலத்தில்தான், குரங்கணிக்கு மேலே உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்கு ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கார்ட்னர் பிறகு போர்னியோ, மலாயா என்று வேலை பார்த்துவிட்டு 1936-ல் இங்கிலாந்து திரும்பினார். 1951-ல் அந்நாட்டின் பழைய சூனியத் தடைச் சட்டம் நீங்கியது. 1954-ல் அவருடைய 'விட்ச்கிராஃப்ட் டுடே' வெளிவந்தது. கிழக்கு நாடுகளில் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்த மனிதர், வழிபாட்டுக்கு ஆண்டுக் கணக்கு ஒன்று தேவைப்பட்டபோது எதை எடுத்தார்? தன் கண்முன் இருந்த இங்கிலாந்தின் மண்ணையும் பருவத்தையும். அங்கே ஆடு குட்டி போடும் காலம், கோதுமை அறுக்கும் காலம், இலை உதிரும் காலம் ஆகியவையே திருநாள்களாயின. அவர் செய்தது சரிதான். ஆனால் அவர் நாள்காட்டியை எடுத்துக்கொண்டு, அவர் அதை உருவாக்கிய முறையை நாம் விட்டுவிட்டோம்.

அந்த நாள்காட்டியைக் குரங்கணிச் சரிவில் வைத்துப் பாருங்கள். லண்டனில் டிசம்பர் 21 அன்று பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூன் 21 அன்று பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட ஊரில் சூரியன் செத்துப் பிழைக்கிறான் என்பது யாரும் விளக்காமலே உடம்புக்குத் தெரியும். போடி இருப்பது 10 பாகை வட அட்சரேகையில். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஜூன் 21-ல் அல்ல. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. அந்த நண்பகல்களில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கே நிற்கும். நெருப்புக்குத் தெற்கு என்று வைத்த ஏற்பாடு, சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கு வானிலேயே நிற்கும் நாட்டில் பிறந்தது. நிலவும் அப்படியே. மூன்று நிலவுச் சின்னத்தில் இரு பக்கமும் பிறைகள் நிமிர்ந்து நிற்கின்றன. போடியில் மேற்கு மலைக்கு மேலே தெரியும் மூன்றாம் பிறை, பெரும்பாலான மாதங்களில், கொம்புகள் மேல்நோக்கத் தோணி போலப் படுத்திருக்கும். உங்கள் கழுத்தில் தொங்கும் பிறையும் உங்கள் வானத்துப் பிறையும் வேறு வேறு. இதை ஒரு மாலை வேளையில் மொட்டை மாடியில் நின்று நீங்களே பார்க்கலாம்.

பருவங்களுக்கு வருவோம். அக்டோபர் 31-ல் வரும் சாவின் திருநாள் இங்கிலாந்தின் மேய்ச்சல் முடிந்து, இலை உதிர்ந்து, இருள் ஏறும் காலத்துக்கு உரியது. குரங்கணியில் அது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை இறங்கி, கோட்டகுடி ஆறு நுரைத்து ஓடி, பாறை இடுக்கிலெல்லாம் பச்சை முளைக்கும் நேரம். இந்த மலை உயிர்ப்பின் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் அதற்கு இறுதிச் சடங்கு செய்கிறீர்கள். மறுபக்கம், மார்ச் 21-ல் வசந்தத்தையும் முளைப்பையும் கொண்டாடச் சொல்கிறது புத்தகம். அந்த நாளில் இந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறதே, அதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் இந்தப் பக்கம் பார்த்தால் போதும். இந்த நிலத்தில் சாவு என்று ஒரு பருவம் உண்டென்றால், அது இந்த மாசி, பங்குனிதான்.

இது கருத்தளவில் நின்றுவிடும் செய்தி அல்ல என்பதால் 2018 மார்ச் 11-ஐ இங்கே சொல்லியாக வேண்டும். அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில், சிகிச்சை பலனின்றிப் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து, 23 பேர் உயிரிழந்தார்கள். பலர் இளைஞர்கள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையின் மேல் கொண்ட அன்பால் வந்தவர்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். கீழே எரிகிற அனல் மேலே உள்ள புல்லைத் தீ தொடுவதற்கு முன்பே காய வைத்துவிடும். காற்றும் சேர்ந்தால் மனிதன் ஓடும் வேகம் அதற்கு ஈடாகாது. அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை தீக்காலம் என்று வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். வசந்தத் திருநாளுக்கு மெழுகுவத்தியும், மே முதல் நாளுக்குச் சொக்கப்பனை போன்ற பெருந்தீயும் சொல்லும் ஒரு நாள்காட்டியை, மண்ணைப் பார்க்காமல் இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதே 2018-ல், அந்தத் தீக்குச் சில மாதம் கழித்து, மூணாறு, கொழுக்குமலைப் பக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி பூத்தது. இந்த மலைகளின் சக்கரம் எட்டுத் திருநாளுக்குள் அடங்குவதில்லை. அதில் பன்னிரண்டு ஆண்டு நீளும் ஆரமும் இருக்கிறது. அடுத்த பூப்பு 2030.

இதற்கு உங்களில் மரபுப் பற்று உள்ளவர்கள் ஒரு மறுப்பு சொல்வீர்கள். ஒரே நாளில் உலகெங்கும் ஒரே சடங்கைச் செய்வதில் ஒரு வலிமை இருக்கிறது. ஆளுக்கொரு நாளாக மாற்றினால் மரபு என்ற ஒன்றே மிஞ்சாது என்பீர்கள். மறுப்பு நியாயமானது, ஆனால் வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. தொல்பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வந்த சூனியக்காரர் சமயம் என்று 1921-ல் மார்கரெட் மர்ரி எழுதிய கொள்கையை ஆய்வாளர்கள் கைவிட்டு நெடுங்காலமாகிறது. வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-ல் எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவான சமயம் என்பது தெரியும். எட்டுத் திருநாள்களுக்கும் சமமான இடம் கிடைத்ததே 1958-ல், கார்ட்னரின் பிரிக்கெட் வுட் குழுவினர் அப்படி வேண்டுமென்று கேட்டதால்தான். லிதா, மேபன் என்ற திருநாள் பெயர்கள் 1970-களில் அமெரிக்கரான எய்டன் கெல்லி வைத்தவை. கார்ட்னரின் சடங்குகளில் பெரும்பகுதியைத் திருத்தி எழுதியவர் டோரின் வேலியன்டே. ஆஸ்திரேலிய விக்கர்கள் பலர் ஆண்டுச் சக்கரத்தையே தலைகீழாகத் திருப்பி, சாவின் திருநாளைத் தங்கள் இலையுதிர் காலமான ஏப்ரல் கடைசிக்குக் கொண்டுபோனார்கள். நெருப்பை வடக்குக்கு மாற்றினார்கள். அதனால் அவர்கள் விக்கர்கள் அல்லாமல் போய்விடவில்லை. உள்ளூர் மண்ணுக்கு ஏற்பச் சடங்கைத் திருத்துவது இந்த வழியில் விதிவிலக்கே அல்ல. வழி வளர்ந்ததே அப்படித்தான்.

தமிழராகிய உங்களுக்கு இது இன்னும் எளிது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைக்கிறது. தெய்வம் அங்கே கருப்பொருளில் வருகிறது. உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு ஒரே வரிசையில். நிலமும் பொழுதும் இருந்தால்தான் தெய்வத்துக்கு நிற்க இடம். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. இயற்கை வழிபாட்டுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை எந்த விக்கா நூலிலும் நான் கண்டதில்லை. ஏட்டை விட்டு ஊருக்கு வந்தாலும் அதே அறிவுதான். இந்த வட்டாரத்து வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா சித்திரையில், கொளுத்தும் வெயிலில் வருகிறது. அக்கினிச்சட்டி எடுப்பவர்கள் தீயை ஏந்துவது முல்லையாற்றங்கரையில், தண்ணீருக்குப் பக்கத்தில், வேப்பிலையோடு. மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று, திறக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த மலைக்குப் பக்தர்கள் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். இரவுத் தங்கல் கிடையாது. நிலவின் பெயரால் நடக்கும் விழாதான், ஆனால் இரவில் காடு விலங்குகளுக்கு உரியது என்ற வரம்பை ஏற்றுக்கொண்டு நடக்கிறது. பௌர்ணமி இரவில் மலையுச்சியில் இருந்தால்தான் ஆழம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் ஊர்ச் சாமியையே கும்பிட்டுவிட்டுப் போகலாமே, விக்கா எதற்கு என்று வெளியிலிருந்து ஒரு கேள்வி வரும். சிலர் இதை ஏளனமாகக் கேட்பார்கள். ஆனால் கேள்வி ஏளனத்துக்கு உரியதல்ல. விக்காவுக்கு வந்தவர்களிடம் அதற்கான காரணங்கள் உண்டு. பெண் தன் கையாலேயே பூசை செய்யலாம்; தனியாக, யார் அனுமதியும் இன்றி வழிபடலாம்; சாதி கேட்டு நிறுத்தும் வாசல் இல்லை. நம் கோயில்கள் பலவற்றில் பூசை உரிமையும் முதல் மரியாதையும் இன்றும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று அறிந்தவர் யாரும் இந்தக் காரணங்களை லேசாகத் தள்ள முடியாது. நான் உங்களை வழி மாறச் சொல்லவில்லை. கௌமாரியை எடுத்து, மூன்று நிலைத் தேவியில் இவள் எந்த நிலை என்று பொருத்திப் பார்க்கவும் சொல்லவில்லை. அது இரண்டு மரபுக்கும் செய்யும் அநியாயம். கோயிலிலிருந்தும் விழாவிலிருந்தும் நீங்கள் கற்க வேண்டியது, மக்கள் தங்கள் நிலத்தின் வெயிலையும் மழையையும் எப்படி வாசித்தார்கள் என்ற முறையை. அந்த முறை கைக்கு வந்தால் சடங்கு உங்களுடையதாகவே இருக்கலாம்.

இதே வரம்பு மலைவாழ் மக்களிடம் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கமெல்லாம் முதுவர்கள் வாழ்கிறார்கள்; தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கின் மலைகளில் பளியர்கள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து தங்கள் தெய்வத்தோடு மலையேறி வந்தவர்கள் என்று தம் வரலாற்றைச் சொல்கிறவர்கள் முதுவர்கள். ஆதி இயற்கைச் சமயம் இங்கேதான் இருக்கிறது, இவர்களிடம் சடங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டால் ஆழம் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுடைய வழிபாடு அவர்களுடைய குடிக்கும் குலத்துக்கும் உரியது, பார்வையாளருக்காக நடப்பதல்ல. 2006-ன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நிலத்தின் மேலும் மரபறிவின் மேலும் உரிமை உண்டு என்று ஏற்ற பிறகும், நிலத்துக்காக அலைய வேண்டியிருக்கும் மக்களிடம் போய்ச் சாமியைக் கேட்பது முறையல்ல. மலையேறும்போது அவர்களில் ஒருவர் வழிகாட்டியாக வந்தால் உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எது யானைத்தடம், எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று அவர் தானாகச் சொல்வதைக் கேளுங்கள். அதுவே நிறைய.

சரி, நிலத்தைக் கற்பது என்றால் நடைமுறையில் என்ன? ஒரே ஒரு பொருளைக் கிட்டத்தில் பார்ப்போம். மந்திர மூலிகைப் பட்டியல்கள் பலவற்றில் ஏலக்காய் காதலுக்கு உரியது என்று ஒரு வரி இருக்கும். போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் அந்த ஏலச்செடியைப் பார்த்தால், பூவைத் தேட நீங்கள் குனிய வேண்டும். ஆளைவிட உயர்ந்து நிற்கும் செடியில் பூ மேலே இல்லை. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படர்ந்து, அதில் வெள்ளைப் பூ, உதட்டில் ஊதாக் கீற்றுகளோடு. விடியலில் விரியும், மாலைக்குள் வாடும். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்தாக வேண்டும். செடி வாழ மரநிழல் வேண்டும், தூரில் ஈரம் வேண்டும். காய் ஒன்றாகப் பழுக்காது என்பதால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அந்தக் காயை எடுப்பவர்களில் பலர், போடி, தேவாரம், கோம்பைப் பக்கமிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்கள். நாள் முழுக்கத் தூரில் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை அது. பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. அந்த மருந்தின் நெடியை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள், மருந்தில் முதலில் விழுவது தேனீ. இப்போது அந்தப் பட்டியலின் ஒற்றை வரியை எடுத்துப் பாருங்கள். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது உங்கள் வழியின் அடிப்படை நெறி. பீடத்தில் வைக்கும் ஒரு ஏலக்காய்க்குப் பின்னால் இருக்கும் நிழலையும் தேனீயையும் அந்தப் பெண்ணின் முதுகுவலியையும் அறியாமல் அந்த நெறியை எப்படிக் கடைப்பிடிக்க முடியும்?

விக்கா உள்முகமான பயிற்சி, தியானமும் மனஒருமையும்தான் அதன் சாரம், வெளியே எந்த மழை பெய்தால் என்ன என்று சொல்பவர்களும் உங்களில் உண்டு. பாதி உண்மை. மனம் குவியாமல் எந்த வழிபாடும் இல்லை. ஆனால் நீங்கள் தேர்ந்துகொண்ட வழி, வெளியே சுழலும் ஆண்டைக் கருவியாக வைத்து மனத்தைப் பழக்கும் வழி. வாய் குளிர்காலம் என்று சொல்ல, உடம்பு வியர்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கருவி மழுங்கியே இருக்கும். உள்முகம் மட்டும் போதுமென்றால் அதற்கு நம் நாட்டில் வேறு நெடிய வழிகள் இருக்கின்றன.

நிலம் என்று சொல்லும்போது மண்ணை மட்டும் சொல்லவில்லை. அதில் வாழும் மனிதரையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களை நீங்களே 'விட்ச்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 1980-களில் கொல்கத்தாவில் இப்சிதா ராய் சக்ரவர்த்தி துணிந்து அப்படிச் சொன்னார். அதோடு நிற்காமல், சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்ட கிராமத்துப் பெண்களுக்காகவும் பேசினார். பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் அசாம் 2015-லும் இந்தக் கொடுமைக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இன்றும் கொலைக்கான காரணங்களில் சூனியத்தைத் தனியாகக் கணக்கிடுகிறது. பலியாவோரில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள், பலர் விதவைகள், பலருக்குப் பிறர் கண்வைத்த துண்டு நிலம் இருந்தது. இந்த நாட்டில் அந்தப் பெயரை ஏற்பவருக்கு அவர்கள் பக்கம் நிற்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஓர் ஆண்டுக்குப் புதிதாக எதையும் வாங்காதீர்கள், புதிய சடங்கு எதையும் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதிவரும் 'புக் ஆஃப் ஷேடோஸ்' நோட்டில், நீங்கள் குடியிருக்கும் ஊரின் குறிப்புகளை எழுதுங்கள்: முதல் மழை எந்தத் தேதி, காற்று எந்த மாதம் திசை மாறியது, தெருமுனை வேம்பு எப்போது பூத்தது, மூன்றாம் பிறை எந்தக் கட்டடத்துக்கு மேலே தெரிந்தது, நிழல் காலடியில் விழுந்த நாள் எது, குடிக்கும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது. சென்னையில் இருப்பவருக்குச் சென்னைதான் நிலம், கோவையில் இருப்பவருக்குக் கோவை. எல்லாரும் குரங்கணிக்கு வர வேண்டியதில்லை. அந்தக் குறிப்புகளோடு உங்கள் எட்டு நாள்களையும் ஒப்பிட்டு, எது நிற்கும், எதை நகர்த்த வேண்டும், எதை விட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அப்படியும் குரங்கணி மலையைப் பார்க்க ஆசையிருந்தால், மழை ஓய்ந்த மார்கழியிலோ தையிலோ வாருங்கள். வனத்துறை அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் பகலில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
குரங்கணி மலையடிவாரத்திலிருந்து